ஒன்பது யூனிட் மிச்சம்

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆனால் பதினான்கு வருஷமாக மின்சார அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துப் பில் கொடுத்ததில் அந்தப் பேர் தேய்ந்து போய், ஊருக்கெல்லாம் அவள் மீட்டரக்கா ஆகிவிட்டாள். கட்டின கணவனே அவளுக்குக் கோபம் வந்தால், "மீட்டரு ஓட ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவான்.

மற்றவர்களுக்கு மீட்டர் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒட்டடை படிந்து தொங்கும் ஒரு பெட்டி. அவளுக்கு அது வீட்டின் வாய். புதுசாக வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் யார், எந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்புகிற மாதிரி தெரியவில்லை, எந்த வீட்டில் பையன் விடிய விடிய கம்ப்யூட்டரில் விளையாடுகிறான் என்று படியேறாமலே சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதும் இல்லை. அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டு மீட்டரையே தப்பாகப் படித்தாள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வீடு என்றால் மேல்மாடியில் இரண்டு அறை. தலைக்கு மேல் வெறும் சிமென்ட் தளம். கோடையில் தளம் நாள் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு அப்படியே உள்ளே இறக்கும். முன்னறையில் அவளும் கணவனும். அடுப்பும் ஃபிரிட்ஜும் அங்கேயேதான். பின்னறை மாமனாருக்கு. வீட்டிலிருந்த ஒரே ஏசி அந்த அறையில் இருந்தது. பெரியவருக்கு இதயம் கொஞ்சம் தளர்ந்து போய், உடம்பில் நீர் சேராமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தார். "இவரை வெயில்ல வாட விடாதீங்க" என்று டாக்டர் சொன்ன பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ பயன்படுத்திக் கழித்த ஏசியைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள்.

மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐஸ் ஃபேக்டரியில் பனிக்கட்டி அடுக்கும் குளிர் அறைக்கு முப்பத்தோரு வருஷம் பொறுப்பாக இருந்தவர். தெருவில் அவருக்குப் பேரே ஐஸ்காரர்தான். "முப்பது வருஷக் குளிரை உள்ள சேத்து வெச்சிருக்கேன். எனக்கு வெயில் என்னம்மா பண்ணும்?" என்று மருமகளைச் சீண்டுவார். அவளும் விடமாட்டாள். "அப்ப ஏசியைக் கழட்டி எங்க ரூம்ல மாட்டிக்கிறோம் மாமா" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் ஒன்று இருந்தது, அதாவது கோடை ஆரம்பிக்கும் வரை.

கோடை வந்ததும் வீட்டுக்குள் கோடு வந்துவிடும். மாதம் இருநூறு யூனிட் வரை ஒரு விலை. அதற்கு மேல் ஒரே ஒரு யூனிட் போனாலும் மொத்தத்துக்கும் வேறு விலை. எத்தனையோ வீட்டுக்காரர்கள் இந்த வயிற்றெரிச்சலை அவளிடம்தான் கொட்டுவார்கள், என்னவோ அவள்தான் ராத்திரி உட்கார்ந்து விலையை நிர்ணயித்த மாதிரி. போன மாதம் அவள் வீடே அந்தக் கோட்டை மூன்று யூனிட்டில் தாண்டிவிட்டது. பில் இரண்டு மடங்கு. அதை ஈடுகட்டக் கணவன் பேக்கரியில் இரண்டு வாரம் இரட்டை ஷிப்ட் பார்த்தான். அவன் வேலை அடுப்பு முன்னால். பதினோராவது நாள் தூக்கக் கலக்கத்தில் தட்டை உருவும்போது முழங்கை வரைக்கும் சுட்டுக்கொண்டு வந்தான். அந்தக் காயத்துக்கு மருந்து போடும்போது அவள் மனசுக்குள் முடிவெடுத்துவிட்டாள்: இந்த மாதம் தலைகீழாக நின்றாவது கோட்டுக்குள் நிற்பது.

அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி மீட்டர்தான். தினமும் காலை ஏழு மணிக்குக் கீழே இறங்கிப் பார்ப்பாள். இன்னும் எத்தனை யூனிட் மிச்சம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். ஏசி பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டும், நாலு மணிக்கு நிறுத்த வேண்டும். நாலு மணி நேரத்துக்கு நாலு யூனிட். அதுக்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. ஐஸ்காரரும் சீட்டைக் காலையில் ஒருமுறை படித்துவிட்டுத்தான் பல்லே விளக்குவார்.

அந்த நாளுக்கு முந்தின நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றேகால். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் அலைந்து வந்தவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"மாமா, மணி என்ன?"

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "நெஞ்சு கொஞ்சம் படபடன்னு இருந்துச்சும்மா. அதான் முன்னாடியே…"

"எல்லாருக்கும்தான் படபடங்குது. உங்க பிள்ளை அங்க அடுப்புல வெந்துட்டிருக்காரு. கையைப் பாத்தீங்கல்ல? நீங்க இங்க காலைலயே ஜில்லுன்னு படுத்துக்கிட்டா பில்லை யாரு உடம்பால கட்டுறது?"

சொல்லி முடித்ததுமே அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கடித்துக்கொள்ளவில்லை. ஐஸ்காரர் ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்தினார். பன்னிரண்டுக்கு அவளே போய்ப் போட்டுவிட்டாள்.

மறுநாள் கணக்கெடுப்பு நாள். காலையில் இறங்கிப் பார்த்தாள். மீட்டரின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தாறு. இந்த மாதத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று ஆகியிருந்தது. சீட்டில் எழுதினாள்: "மிச்சம் 9. இன்னிக்கு ஒரு நாள்தான்." கணவன் விடிவதற்கு முன்னாலேயே பேக்கரிக்குப் போய்விட்டிருந்தான். மாமனார் சீட்டைப் படித்தார்.

"ஒன்பது இருக்கு மாமா. பயப்படாம பன்னெண்டு மணிக்குப் போட்டுக்கோங்க" என்றாள், நேற்றுப் பேசியதற்கு ஒரு சமாதானம் மாதிரி.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அதை அவர் சொன்ன விதம் வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு நின்று யோசிக்க நேரமில்லை.

தன் தெருவைத் தானே பார்க்கக் கூடாது என்பது அலுவலகத்தில் விதி. அவள் தெருவைப் பார்ப்பவன் ஒரு ஒல்லிப் பையன். அவன் இரண்டு நாளாக வெயில் காய்ச்சலில் படுத்திருந்தான். மேற்பார்வையாளர் போனில், "உன் தெருவையும் இன்னிக்கு நீயே முடிச்சிரும்மா. ஆளுக்கு எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டார். காலையிலிருந்து நூற்றிருபது வீடு. இரும்புக் கதவுகளைத் தொட முடியவில்லை. சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் திறந்தாள். கையிலிருந்த பில் மெஷினே சூட்டில் இரண்டு தரம் அணைந்து போயிற்று.

தன் வீட்டுப் படிக்குக் கீழே அவள் வந்து நின்றபோது மணி இரண்டரை. பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவள் மாதிரிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

நாற்பத்தாறு.

தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்தாறேதான். கரண்டும் இருந்தது, பெட்டியின் சிவப்பு விளக்கு நிதானமாக, அவசரமே இல்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் முதல்தடவையாக அதை விட்டாள். கோடு தாண்டவில்லை. கணவன் இரட்டை ஷிப்ட் போக வேண்டாம். பில் மெஷினில் அந்த இலக்கத்தை அடித்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று பில் வந்தது. அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மேலே போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாமா என்று நினைத்தாள். இன்னும் பதினேழு வீடு பாக்கி. முடித்துவிட்டே வந்து மாமாவிடம் நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நடந்துவிட்டாள்.

சிறிய எண்ணைப் பார்த்தால் சந்தோஷப்படு என்று ஒரு மாதமாகத் தன் கண்ணை அவளே பழக்கி வைத்திருந்தாள். கண் சொன்னபடி கேட்டது. வேறென்ன சொல்ல?

ஒன்பதாவது வீடு பூட்டிக் கிடந்தது. மீட்டர் வெளியே சுவரில் இருந்ததால் சாவி வேண்டியதில்லை. பார்த்தாள். மாதத்துக்கே இருபத்தேழு யூனிட். பழக்க தோஷத்தில் பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டாள்.

"இவங்க ஊர்ல இல்லையா?"

"ஒரு மாசமாச்சுக்கா போயி. ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடுது. எங்ககிட்ட சாவி குடுத்திருக்காங்க."

"அதான் பாத்தேன். ஆளில்லாத வீட்டுக்கு நாளைக்கு ஒரு யூனிட்டு ஓடும்" என்று தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டு மெஷினில் இலக்கத்தை அடிக்கப் போனாள். விரல் பாதியில் நின்றது.

ஆளில்லாத வீட்டுக்கு நாளைக்கு ஒரு யூனிட். அவள் வீட்டில் காலை ஏழிலிருந்து இரண்டரை வரை ஒரு யூனிட் கூட ஓடவில்லை. ஏசி ஓடியிருந்தால் இரண்டு யூனிட்டாவது போயிருக்க வேண்டும். ஃபேன் ஓடியிருந்தால்கூட இலக்கம் புரண்டிருக்கும். கரண்டை அதிகம் இழுத்தால் படபடவென்று சிமிட்டுகிற சிவப்பு விளக்கு அப்படி நிதானமாகச் சிமிட்டியது ஃபிரிட்ஜுக்காக மட்டும்தான். அந்த மீட்டர் அவளிடம் வாய் திறந்து சொன்னது இதைத்தான்: இந்த வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் ஆள் இருந்தார்.

போனை எடுத்து மாமனாருக்கு அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். கணவனுக்கு அடித்துப் பிரயோஜனமில்லை. பேக்கரியில் போனை எல்லாம் வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். நாற்பத்து நான்கு வயதில், அந்த வெயிலில், ஒன்பது வீட்டுத் தூரம் ஓடுவது ஒரு பெரிய விஷயமில்லை. ஆனால் அவளுக்கு அந்தத் தூரம் முடிவதாகவே இல்லை. கீழ்வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"அக்கா! மாமா சத்தம் கேட்டுச்சா இன்னிக்கு?"

தையல்காரம்மா தலையை நீட்டினாள். "காலைல என்னமோ ஜன்னலெல்லாம் இழுத்துச் சாத்துனாரு. அப்புறம் ஒண்ணும் கேக்கலியே. ஏன், என்ன ஆச்சு?"

பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. படியில் இரண்டு தடவை கால் தவறியது. தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து முன்னறைக்குள் நுழைந்தாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள், நகரவில்லை. உள்ளே இருந்து கதவடியில் எதையோ திணித்து வைத்திருந்தார். கீழே குனிந்து விரலால் தடவினாள். சாக்கு. நனைத்துத் திணித்த சாக்கு இப்போது காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. ஐஸ் ஃபேக்டரிக் கதையை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! மெஷின் நின்றுவிட்டால் குளிர் அறைக்காரன் பதறக் கூடாது. எல்லாக் கதவையும் சாத்தி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்து, உள்ளே காற்று ஆடாமல் பார்த்துக்கொண்டால் எட்டு மணி நேரம் பனிக்கட்டி உருகாது. அதே வேலையைத்தான் அவர் இங்கே பார்த்திருக்கிறார். காலைக் குளிர்ச்சியைப் பிடித்து அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார். ஃபேன் போட்டால் காற்று ஆடும் என்று அதையும் நிறுத்தியிருக்கிறார். ஆனால் இது பனிக்கட்டி அடுக்கிய அறை இல்லை. மேலே வெயில் குடித்த சிமென்ட் தளம், உள்ளே ஒரு கிழவர், அவ்வளவுதான்.

தையல்காரம்மா மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த ஒரு சாணில் வந்த அனலில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளே இருந்து குரல் வந்தது. குழறிய குரல். ஆனாலும் அதிகாரமான குரல்.

"யாருடா அது… கதவச் சாத்து… குளிர் போயிடும்…"

"மாமா!" என்று அவள் அலறினாள். இடுக்கில் உடம்பை நுழைத்து உள்ளே போனாள். ஐஸ்காரர் தரையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது; அவளைப் பார்க்கவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது. வியர்வை ஒரு சொட்டு இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஜன்னலைத் திறந்தாள். ஃபேனைப் போட்டாள். ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். ஏசி அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். திருப்பிப் பார்த்தால் உள்ளே பேட்டரி இல்லை.

"அக்கா, பேட்டரி! பேட்டரியைத் தேடுங்க!"

தையல்காரம்மா முன்னறையில் ஓடி ஓடித் தேடினாள். ஃபிரிட்ஜின் மேல் இரண்டு பேட்டரியும் அருகருகே, விழாமல் நிறுத்தி வைத்தபடி இருந்தன. மனசு கேட்காமல் எழுந்து போய்ப் போட்டுவிடுவோமோ என்று தன்னையே நம்பாமல், பெரியவர் கழற்றி வைத்திருக்கிறார். நேற்று அவள் பேசிய பேச்சு அந்த இரண்டு பேட்டரியாக அங்கே நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் என்ன செய்தாள் என்று அவளுக்கே கோவையாக நினைவில்லை. பேட்டரியைப் போட்டு ஏசியை ஓட விட்டாள். குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் மேல் ஊற்றினாள். தையல்காரம்மா கையோடு கொண்டுவந்துவிட்டிருந்த, யாரோ தைக்கக் கொடுத்த துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். ஃபிரிட்ஜிலிருந்த ஐஸ் எல்லாம் காலியாயிற்று. "குடுங்க, தண்ணி குடுங்க" என்று தையல்காரம்மா சொன்னபோது, "வேண்டாம், நினைவில்லாதவருக்குப் புரையேறும்" என்று யாரோ தெளிவாகச் சொன்னார்கள். சொன்னது அவள்தான். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அவள் அவர் நெற்றியில் கை வைத்து, "மாமா, ஏசி ஓடுது பாருங்க, ஓடட்டும், ஓடட்டும்" என்று பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள். "எவ்வளவு நேரமா அந்த ரூமுக்குள்ள இருந்தாரு?"

"காலை ஏழே கால்லேருந்து மூணு மணி வரைக்கும்."

"கூட யாராவது இருந்தீங்களா? எப்படிக் கரெக்டா சொல்றீங்க?"

"மீட்டர் சொல்லுச்சு" என்றாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான்தான் கேக்கல."

சாயங்காலம் கணவன் மாவு படிந்த சட்டையோடு ஓடி வந்தான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள், நேற்றுப் பேசியதையும் சேர்த்து. அடிப்பானோ, கத்துவானோ என்று இருந்தது. அவன் சுட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு, "என் கையைக் காட்டித்தான திட்டுன?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள்தான் ஐஸ்காரருக்கு முழு நினைவு வந்தது. கண் விழித்ததும் மருமகளைத் தேடினார். அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"கோடு தாண்டலியே?" என்று கேட்டார்.

பைக்குள் மடித்துப் போட்ட பில் அப்படியே இருந்தது. கேட்டவருக்குக் காட்டாமல் எப்படி இருப்பது? எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்று. பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

"பாத்தியா? ஒன்பது மிச்சம்! முப்பத்தோரு வருஷ சர்வீஸு. சும்மாவா?"

அவ்வளவுதான். அவள் கட்டிலோரம் முகத்தைப் புதைத்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். "தப்பு மாமா, என் தப்பு, அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று அழுதாள். பெரியவருக்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று தெரியவில்லை. அவள் தலையில் கை வைத்து, "சரிம்மா, சரிம்மா. இங்க ஏசியை ரொம்பக் கூட்டி வெச்சிருக்காங்க. கொஞ்சம் கொறைக்கச் சொல்லு, பாவம், யாரு வீட்டுக் காசோ" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு கணவனும் மனைவியும் தளத்துக்கு இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஏசியை இருபத்தேழில் வைத்து ஃபேனையும் சேர்த்து ஓட்டினார்கள். அதில் கொஞ்சம் மிச்சமானது. ஆனால் கோட்டுக்குள் நிற்கிற அளவுக்கு இல்லை. பில் கட்டுவதற்காக, அவளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்த சீட்டுப் பணத்தை நடுவில் எடுத்தார்கள். நடந்து போவது அவளுக்கு ஒன்றும் புதுசில்லை.

ஃபிரிட்ஜில் துண்டுச் சீட்டு ஒட்டுகிற வழக்கத்தை அவள் விடவில்லை. காலை ஏழு மணிக்கு இறங்கிப் பார்ப்பாள், எழுதி ஒட்டுவாள். எழுதுவது மட்டும் மாறிவிட்டது: "இன்னிக்கு நாலுக்குக் குறையக் கூடாது." ஐஸ்காரர் அதைப் படித்துவிட்டு, "இது என்னம்மா, அநியாயமா இருக்கு?" என்று முணுமுணுத்தபடி பல் விளக்கப் போவார். மத்தியானம் சாப்பிட வரும்போது அவள் முதலில் படிக்குக் கீழே நின்று சிவப்பு விளக்கைப் பார்ப்பாள். அது படபடவென்று சிமிட்டினால்தான் மேலே போய்ச் சாப்பிடுகிற சோறு இறங்கும்.

அடுத்த கணக்கெடுப்பு நாள். வேறொரு தெருவில் நின்றுகொண்டிருந்தவளுக்கு ஒல்லிப் பையனிடமிருந்து போன் வந்தது. காய்ச்சல் தேறி வேலைக்கு வந்துவிட்டான்.

"அக்கா, உங்க வீட்டு மீட்டருக்குக் கீழ நிக்கிறேன். எங்கயோ தப்பா இருக்கும் போல. முன்னூத்துப் பதிமூணு காட்டுது. கோட்டைத் தாண்டிருச்சு. நாளைக்கு வந்து மறுபடி பாக்கட்டுமா?"

"விளக்கு எப்படிச் சிமிட்டுது?"

"படபடன்னு ஓடுதுக்கா."

"அப்பச் சரியாத்தான் இருக்கு" என்றாள். "போட்டுரு."